இயற்பியல் படித்தால் என்ன வேலை? படிவம் 4-இல் தோட்டப்புறக் குடும்பங்கள் எடுக்கும் முடிவு

கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் நடுவில் இருக்கிறது பாடாங் செராய். ஹென்ரியட்டா, விக்டோரியா என்று தோட்டப் பெயரைச் சொல்லித்தான் ஒரு காலத்தில் இங்கே ஆள் விசாரிப்பார்கள். இப்போது ரப்பர் தரும் பால்மரம் குறைந்து செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் சுற்றுவட்டாரத் தாமான் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். விடிவதற்கு முன் சாலையோரத்துக்கு வரும் ஃபேக்டரி பஸ் அவர்களில் பலரைக் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு ஏற்றிப் போகிறது.

2024 மே மாதம் மலேசிய அரசாங்கம் சிப் தொழிலுக்கான தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தது. 25 பில்லியன் ரிங்கிட் அரசு ஆதரவு, 60,000 பொறியாளர்களை உருவாக்கும் இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் கூலிம் பூங்காவில் இன்ஃபினியன் நிறுவனத்தின் சிலிக்கன் கார்பைடு சிப் ஆலையின் முதல் கட்டம் திறக்கப்பட்டது. செய்தியைப் பார்த்த பெற்றோருக்குக் குழப்பம். ஆள் வேண்டும் என்று அரசாங்கம் சொல்கிறது. இயற்பியல் கஷ்டம், வேண்டாம் என்று பிள்ளை சொல்கிறது. அதைப் படித்தால் வாத்தியார் வேலை தவிர வேறென்ன கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இயற்பியல் வாய்ப்பு பல்கலைக்கழக வாசலில் கைநழுவுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயதில், இடைநிலைப்பள்ளியின் படிவம் 4-க்கான பாடத் தேர்வுப் பாரத்தை நிரப்பும்போதே அது முடிந்துவிடுகிறது. இயற்பியலுக்காகச் சம்பளம் வாங்கும் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராத குடும்பம்தான் அந்தப் பாரத்தில் பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிறது.

பலகை இல்லாத தொழில்

பெரியவர்கள் பௌதிகம் என்பார்கள். பொருள், விசை, வெப்பம், ஒளி, மின்சாரம், அணு ஆகியவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அளந்து பார்த்து, அந்த அளவுகளுக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கண்டுபிடிப்பது இயற்பியல். அளப்பதுதான் இதில் முக்கியம். அளக்க முடியாததைப் பற்றி இயற்பியல் அதிகம் பேசாது.

பொறியியல் அந்த விதிகளை எடுத்துக்கொண்டு வேண்டிய பொருளைச் செய்கிறது. செமிகண்டக்டர் ஆலையிலோ புற்றுநோய் மருத்துவமனையிலோ இந்த இரண்டுக்கும் நடுவில் தெளிவான வேலி கிடையாது.

டாக்டர் என்ற பலகை கிளினிக் வாசலில் தொங்குகிறது. வக்கீல் பலகை கடைத்தெரு மாடியில் தெரிகிறது. இயற்பியலாளர் என்ற பலகையை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. அவர் செய்யும் வேலைக்குப் பதவிப் பெயர் வேறாக இருக்கும்: புராசஸ் இன்ஜினியர், அறிவியல் அதிகாரி, வானிலை அதிகாரி, கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி, விரிவுரையாளர். இதனால்தான் “என்ன வேலை?” என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

பால்மரத்துக்குள் இருந்த பாடம்

இயற்பியல் ஏதோ தூரத்துச் சரக்கு என்ற எண்ணம் தோட்டப்புறத்தில் பரவலாக இருக்கிறது. நம் தாத்தா பாட்டியின் அன்றாடக் கூலியே அதன் மேல்தான் நின்றது.

பால் வெட்டு ஏன் இருட்டோடு தொடங்கியது? விடிவதற்கு முன் மரப்பட்டையின் பால் குழாய்களுக்குள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். உளி பட்டதும் அந்த அழுத்தம் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறினால் இலை நீரை ஆவியாக விடும், மரத்துக்குள் அழுத்தம் இறங்கும், பால் வரத்து குறையும். 1960-களில் இந்த அழுத்தத்தை இங்கேயே அளந்திருக்கிறார்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பட்டரி, போட்மேன் என்ற இருவர் மெல்லிய கண்ணாடி நுண்குழாயைப் பட்டைக்குள் செருகிப் பார்த்தார்கள். விடியற்காலையில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு அல்லது அதற்கும் மேல் இருந்தது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு, இரண்டரை மடங்குதான்.

அப்புறம், பால் நிறுக்கும் இடம். வாளியில் இருக்கும் பாலில் தண்ணீரும் உண்டு, ரப்பரும் உண்டு. கூலிக் கணக்குக்கு ரப்பர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி இருந்தது: அடியில் குண்டு, மேலே கோடு போட்ட தண்டு. பாலைக் கலக்கி, கொஞ்சம் எடுத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி, அதில் கருவியை மிதக்கவிட்டு, தண்டில் எந்தக் கோடு வரை அமிழ்ந்தது என்று பார்ப்பார்கள். ரப்பர் துகள் தண்ணீரைவிட லேசு. ரப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும், மெட்ரோலாக் ஆழமாக இறங்கும்.

இது ஆர்க்கிமிடீஸ் கோட்பாடு. படிவம் 5 இயற்பியல் புத்தகத்தில் அழுத்தம் என்ற பாடத்தில் வருகிறது. அந்தத் தண்டைப் படிக்கத் தெரிந்தவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. மரம் வெட்டியவருக்கு அதைப் படிக்கத் தெரியாது, சொன்ன அளவை ஏற்றுக்கொண்டு போக வேண்டியதுதான். மெட்ரோலாக் காட்டுவது தோராயக் கணக்கு என்பதும் அவருக்குத் தெரிய வழியில்லை. வெப்பநிலை மாறினாலும் மர வகை மாறினாலும் அளவு கொஞ்சம் ஆடும். பாலை உறைய வைத்து, காய வைத்து, நிறுத்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். ஓர் அளவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவரின் கையில்தான் கணக்கு இருக்கும். இயற்பியலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கதவு எந்தப் படியில் மூடுகிறது?

1. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் தமிழில் நடக்கிறது. உராய்வு, மின்சுற்று, வெப்பம் எல்லாம் அங்கேயே அறிமுகமாகிவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. அஸ்தி என்ற அறிவியல் அமைப்பு தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் அறிவியல் விழாவில் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த சோதனையை மேசையில் வைத்து விளக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

2. படிவம் 1-இல் மொழி மாறுகிறது. அறிவியல் மலாயில் நடக்கும், இருமொழித் திட்டம் உள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தில் நடக்கும். சிலர் அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு வருகிறார்கள். இதைத் தனியாகவே பேச வேண்டும், கீழே வருகிறது.

3. தொடக்கப்பள்ளி முடிவில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் படிவம் 3-இல் இருந்த பி.டி.3 தேர்வு 2022-இலும் ரத்தாயின. தேர்வுச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பெற்றோருக்குப் புரிகிற பொதுத்தேர்வு மதிப்பெண் நடுவில் இல்லாமல் போனது. வகுப்பறை மதிப்பீட்டில் வரும் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலை எதைச் சொல்கிறது என்று பல வீடுகளில் தெரியாது. பிள்ளை அறிவியலில் நன்றாக இருக்கிறதா, பின்தங்குகிறதா என்பது படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். தேர்வு வரும்வரை மூட்டமாகவே இருக்கிறது.

4. படிவம் 4-இல் பாடத் தேர்வு. முன்பு அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இரண்டே வழி. 2020 முதல் பாடப் பொதிகள் வந்தன, பேச்சில் பேக்கேஜ். ஸ்டெம் என்றால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம். ஸ்டெம் ஏ என்பதில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவை வரும். ஸ்டெம் பி என்பதில் இவற்றில் சிலவும் ஒரு செயல்முறைப் பாடமும் கலந்து வரும். ஸ்டெம் சி தொழில்நுட்ப, தொழிற்கல்விப் பாடங்களை ஒட்டியது. மூன்றின் பெயரிலும் ஸ்டெம் இருப்பதால், பிள்ளை ஸ்டெம்மில்தான் இருக்கிறது என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பட்டியலில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் இருக்கின்றனவா?

5. இந்த இரண்டும் ஜோடிப் பாடங்கள். கூடுதல் கணிதம் இல்லாமல் இயற்பியலை மட்டும் எடுத்தால் பின்னால் வழி குறுகிவிடும்.

இயற்பியல் விட்டுப்போனால் என்ன ஆகும்? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான மெட்ரிகுலேஷனிலும் எஸ்.டி.பி.எம்.-இலும் வரும் இயற்பியல், அவற்றுக்குப் பின் வரும் பெரும்பாலான பொறியியல் பட்டங்கள் எல்லாவற்றுக்கும் வழி அடைபடும் அல்லது சுற்றுவழியாகும். செய்தியில் வரும் 60,000 பொறியாளர் கணக்கில் அந்தப் பிள்ளை சேர்வது அப்போதே கடினமாகிவிடுகிறது. இன்னும் எஸ்.பி.எம். கூட எழுதியிருக்காது.

அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. அறிவியல் 60, கலை 40 விழுக்காடு என்ற இலக்கு 1960-களின் கடைசியிலேயே வகுக்கப்பட்டு 1970 முதல் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த விகிதத்தைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விசை, டாயா, ஃபோர்ஸ்

தோட்டப்புறப் பிள்ளை ஒரே இயற்பியலை மூன்று மொழிகளில் சந்திக்கிறது. தமிழ்ப்பள்ளியில் விசை. இடைநிலைப்பள்ளியில் டாயா. பல்கலைக்கழகத்திலும் ஆலையிலும் ஃபோர்ஸ். இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிள்ளை தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

நிறை, எடை என்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். சந்தையில் நாம் இரண்டுக்கும் எடை என்றே சொல்கிறோம். மலாய்ப் பேச்சிலும் பெராட் என்றால் போதும். இயற்பியலில் இரண்டும் வேறு. நிறை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது, மலாயில் ஜிசிம், அலகு கிலோகிராம். எடை என்பது அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை, மலாயில் பெராட், அலகு நியூட்டன். 50 கிலோ நிறையுள்ள பிள்ளையின் எடை பூமியில் ஏறக்குறைய 490 நியூட்டன். அதே பிள்ளை நிலவில் நின்றால் நிறை அதே 50 கிலோதான், எடை 81 நியூட்டனாகிவிடும்.

இதைத் தமிழில் ஒருமுறை சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. ஜிசிம் என்ற சொல்லை வீட்டில் யாரும் பேசிக் கேட்காத பிள்ளை, படிவம் 4 வகுப்பில் அதை வெறும் சத்தமாகத்தான் எழுதிக்கொள்கிறது. லாஜு என்றால் வேகம், ஹலாஜு என்றால் திசையோடு சேர்ந்த வேகம், பெச்சுத்தான் என்றால் முடுக்கம். குவாசா என்றால் திறன், ஆனால் நாளிதழில் அது ஆட்சி அதிகாரம். தெனாகா என்றால் ஆற்றல், ஆனால் வீட்டில் அது மின்கட்டணப் பில்லில் இருக்கும் பெயர். சொல் குழம்பினால் சூத்திரமும் குழம்பும். பிள்ளை “எனக்கு ஃபிசிக்ஸ் வராது” என்று முடிவு கட்டிவிடும். வராதது பெரும்பாலும் சொல்தான்.

இதற்கு மருந்து எளியது. ஒரு நோட்டுப் புத்தகம், பக்கத்துக்கு மூன்று பத்தி: தமிழ், மலாய், ஆங்கிலம். படிவம் 4 இயற்பியலில் வரும் முக்கியச் சொற்கள் சில பக்கங்களில் அடங்கிவிடும். படிவம் 3 முடிந்த விடுமுறையில் அண்ணனோ அக்காளோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கலாம். தமிழ்ப்பள்ளியில் கற்ற அறிவியல் வீணாகவில்லை என்று பிள்ளைக்கு அப்போது தெரியும்.

சரி, என்ன வேலை?

முதலில் பக்கத்தில் இருக்கும் ஆலை. சிலிக்கன் தகட்டில் அணு அளவில் வேறு தனிமங்களைக் கலந்து, எங்கே மின்சாரம் ஓட வேண்டும், எங்கே ஓடக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் சிப் தொழில். இன்ஃபினியன் பயன்படுத்தும் சிலிக்கன் கார்பைடில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி சாதாரணச் சிலிக்கனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் அது அதிக மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும். மின்சாரக் காருக்கு அது தேவைப்படுவது இதனால்தான். அதே பூங்காவில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2008-இல் இருந்து கேட்மியம் டெல்லுரைடு என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசிச் சூரியத் தகடு செய்கிறது. ஒளி பட்டால் எலக்ட்ரான் நகரும் என்ற பாடம் படிவம் 5 புத்தகத்தின் கடைசிப் பகுதியில், குவாண்டம் இயற்பியலில், தொடங்குகிறது. ஒளிமின் விளைவை ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கினார், 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான். தேர்வு நெருங்கும்போது அவசரமாக ஓட்டப்படும் அந்தப் பாடத்துக்கு உயிருள்ள சாட்சி ஃபேக்டரி பஸ் போய் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது.

அந்த பஸ்ஸில் போகும் அம்மா, தூசி புகாத கிளீன் ரூமுக்குள் போகும்போது தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடை போட்டுக்கொள்கிறார். கண் மட்டும் தெரியும். உள்ளே எல்லாரும் அதே உடைதான், ஆபரேட்டர், டெக்னிசியன், இன்ஜினியர் என்று பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல முடியாது. சம்பளச் சீட்டில்தான் வித்தியாசம் தெரியும். இயந்திரத்தில் தகட்டை வைத்து எடுப்பவர் ஆபரேட்டர். இயந்திரம் நின்றால் சரிபார்ப்பவர் டெக்னிசியன். தகடு ஏன் கெட்டது, வெப்பத்தையா, வாயுவின் அழுத்தத்தையா, எதை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று முடிவு செய்பவர் இன்ஜினியர். மூவரையும் பிரித்த இடங்களில் முதன்மையானது படிவம் 4-இல் எடுத்த பாடம்.

அடுத்தது மருத்துவ இயற்பியல். பலருக்குப் பெயரே புதிதாக இருக்கும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும்போது எவ்வளவு வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். அந்த அளவு இயந்திரத்திலிருந்து சரியாக வருகிறதா என்று உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். நோயாளி வருவதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டி ஒன்றில் சிறிய அளவுக் கருவியை இறக்கி, கதிரை அதில் விழ வைத்து, ஆழத்துக்கு ஆழம் அளந்து பார்க்கிறார். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அதனால்தான் தண்ணீர்த் தொட்டி. கொடுக்கும் அளவு 5 விழுக்காட்டுக்கு மேல் பிசகக்கூடாது என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரம்பு. குறைந்தால் கட்டி வளரும், கூடினால் நல்ல திசு கருகும். மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்த்த அதே அளக்கும் வேலை, ஆனால் இங்கே கணக்கு ஓர் உயிரைப் பற்றியது.

மலேசியாவில் இது சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தொழில், 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. சுகாதார அமைச்சில் அறிவியல் அதிகாரி என்ற பதவியில் எடுக்கிறார்கள். இந்தத் துறையில் மலேசியப் பெயர் ஒன்று உலகுக்குத் தெரியும்: மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இங் குவான் ஹூங். அனைத்துலக மருத்துவ இயற்பியல் அமைப்பு 2018-இல் அவருக்கு மேரி கியூரி பெயரிலான விருதைக் கொடுத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாங்கி என்ற ஊரில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தில் 1982 முதல் இயங்கும் ஓர் ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது, திறன் 1 மெகாவாட். வானிலைத் துறை இயற்பியல் பட்டதாரிகளை எடுக்கிறது. எண்ணெய்க் குழாய், கப்பல், பாலம் ஆகியவற்றைக் கதிர்வீச்சாலும் ஒலியலையாலும் உடைக்காமல் சோதிக்கும் தொழில் இருக்கிறது. வங்கிகளும் தரவு நிறுவனங்களும் கணக்குத் திறனுக்காகவே இயற்பியல் படித்தவர்களைத் தேடுகின்றன. ஆசிரியர் வேலையை இந்தப் பட்டியலின் கடைசியில் தள்ளும் வழக்கம் எனக்கு ஏற்பில்லை. இயற்பியலை மூன்று மொழியிலும் விளக்கத் தெரிந்த ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றுவார்.

எத்தனை வருடம், எந்த வழி

எஸ்.பி.எம். முடிந்ததும் இரண்டு பொதுவழிகள்.

மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டு. இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும் அடங்கிய பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்பதால் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஏமாற்றம் உண்டு. எஸ்.பி.எம்.-இல் 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இனத்து மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். அந்த 10 ஏ கணக்கில் எந்த ஏ சேரும் என்ற விவரத்தை விண்ணப்பிக்கும் ஆண்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவங்கள். முதல் பருவம் இயக்கவியலும் வெப்பமும், இரண்டாவது மின்சாரமும் காந்தமும், மூன்றாவது அலை, ஒளி, குவாண்டம், அணுக்கரு. கஷ்டம் என்று பெயர் வாங்கிய படிப்பு, உண்மையிலேயே கஷ்டம்தான். ஆனால் செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம், பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் மற்றவர்கள் திணறும்போது இவர்களுக்குக் கால் ஊன்றியிருக்கும். இயற்பியலுக்குப் போகும் பிள்ளைக்கு இதை இரண்டாந்தர வழியாக நினைக்கத் தேவையில்லை.

அடுத்து இளங்கலை, மூன்று முதல் நான்கு ஆண்டுகள். மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் இயற்பியல் உண்டு. பாடாங் செராயிலிருந்து பார்த்தால் பினாங்கு பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆலை வேலைக்கு இளங்கலை போதும். மருத்துவ இயற்பியலில் நிலைக்க அதே துறையில் முதுகலை மிகவும் உதவும். ஆராய்ச்சிக்கும் விரிவுரையாளர் வேலைக்கும் முனைவர் பட்டம் வேண்டும், முதுகலைக்குப் பின் இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள். சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டிய வீட்டுக்கு இந்தக் கடைசிப் படி பாரம்தான். அதை மறைத்து ஊக்கம் கொடுப்பது நியாயமில்லை.

ஆர்வம் இருக்கிறது, ஆள் இல்லை

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-இல் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. இங்கிலாந்தில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கேட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. விஞ்ஞானியாக வேண்டும் என்றவர்களோ ஏறக்குறைய 15 விழுக்காடு மட்டுமே. இந்த இடைவெளியை விளக்க அவர்கள் பயன்படுத்திய சொல் அறிவியல் மூலதனம். வீட்டில் அறிவியல் பேச்சு நடக்கிறதா, சொந்தத்தில் அந்தத் துறையில் யாராவது இருக்கிறார்களா, இது நமக்கான இடம் என்ற உணர்வு இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்தது அந்த மூலதனம். பணம் போல இதுவும் சில வீடுகளில் தலைமுறையாகச் சேர்ந்திருக்கும், சில வீடுகளில் இருக்காது. இது இங்கிலாந்தின் கணக்கு. ஆனால் தோட்டப்புறத்தைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

நம் பள்ளிச் சுவர்களில் அப்துல் கலாம் படம் இருக்கிறது, ராமன் படம் இருக்கிறது. நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அந்தப் படம் எப்படிப் பேசப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ராமனை நோபல் பரிசு வாங்கியவர் என்று சொல்லி நிறுத்திவிட்டால் அவர் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறார். ராமன் 1907 முதல் பத்து ஆண்டுகள் நிதித்துறைக் கணக்கு அதிகாரி, பெரும்பகுதி கல்கத்தாவில். அந்தக் காலத்திலும் கெட்டிக்காரப் பையனுக்கு அரசாங்க உத்தியோகம்தான் பாதுகாப்பு என்று குடும்பங்கள் நினைத்தன. அலுவலகம் முடிந்து மாலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போவார். 1917-இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் ஆனார். 1921-இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று கேட்டார். வானத்தின் பிரதிபலிப்பு என்பது அன்று பெரியவர்கள் சொன்ன விடை. அவர் கையில் இருந்த ஒரு பட்டகத்தை வைத்து மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை நீக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார், 1928-இல் கண்டறிந்த ராமன் விளைவுக்கு அது வழிவிட்டது. இப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் புரிவது பரிசு அல்ல, கண்ணெதிரே இருப்பதைக் கேள்வி கேட்கலாம் என்பது. பால் ஏன் விடியலில் அதிகம் வருகிறது என்பதும் அதே ரகக் கேள்வி.

அருகிலும் ஆட்கள் உண்டு. மலேசியாவின் முதல் வானியற்பியலாளரான மஸ்லான் ஒத்மான் சிரம்பானில் பிறந்தவர். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1981-இல் முனைவர் பட்டம் பெற்றார். தேசியக் கோளரங்கத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார், பின்பு ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளி அலுவலகத்துக்கே இயக்குநர் ஆனார். மலேசிய விண்வெளி வீரர் திட்டத்துக்கு 11,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தபோது இறுதி நால்வரில் ஒருவராக வந்தவர் எஸ். வனஜா, ஒரு தமிழ்ப் பெண். இந்தப் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோவில் இளைஞர் பிரிவோ செய்யக்கூடியவை சில:

1. படிவம் 2, படிவம் 3 பிள்ளைகளுக்கு ஆள் காட்டுங்கள். எஸ்.பி.எம். முடிந்தபின் நடக்கும் வழிகாட்டிக் கூட்டத்தில் பாடத் தேர்வு ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும். ஆலையில் இன்ஜினியராக இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு மணி நேரம் வந்து, காலையில் உள்ளே போனதும் முதலில் எதைப் பார்க்கிறார், எந்த அளவு மாறினால் பயப்படுவார் என்று சொன்னால், வெளியூர் வி.ஐ.பி.யின் ஊக்க உரையைவிடப் பிள்ளைகள் அதிக நாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

2. பெண் பிள்ளைகளுக்குப் பெண்ணைக் காட்டுங்கள்.

3. பழைய தோட்டத்தில் பால் நிறுத்த ஒருவரையும் இயற்பியல் ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். மெட்ரோலாக் கிடைக்காவிட்டால் பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா ஒன்றின் அடியில் களிமண் உருண்டையை ஒட்டி மிதவைக் கருவி செய்துகொள்ளலாம். வெறும் தண்ணீர், உப்புத் தண்ணீர், எண்ணெய் மூன்றிலும் மிதக்கவிட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். பெரியவர் தன் கதையைச் சொல்வார், ஆசிரியர் அடர்த்தியைச் சொல்வார்.

4. பினாங்கு கொம்தாரில் உள்ள டெக் டோம் அறிவியல் மையம் பஸ் பிடித்துப் போய் வரும் தூரம்தான். போய் வந்தபின் பிள்ளை கேட்கும் கேள்விக்கு வீட்டில் பதில் தெரியாவிட்டாலும், சேர்ந்து தேடலாம்.

ஏற்கெனவே விட்டவர்களுக்கு

படிவம் 4-இல் இயற்பியலை எடுக்காத பிள்ளைகள் பலர் இன்று எஸ்.பி.எம். சான்றிதழோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை. பாலிடெக்னிக்கின் மின்னியல், மின்னணுவியல் டிப்ளோமாக்களில் கணிதத்திலும் ஓர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பாடத்திலும் நல்ல தேர்ச்சி இருந்தால் சேர வாய்ப்பு உண்டு, அந்த அறிவியல் இயற்பியலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்குள்ளேயே துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளோமாவை நன்றாக முடித்தவர் டெக்னிசியனாகச் சேரலாம், அங்கிருந்து பொறியியல் பட்டத்துக்கும் போகலாம். மருத்துவ இயற்பியல் இந்த வழியில் கிடைக்காது. ஆலையின் இன்ஜினியர் மேசை கிடைக்கும், ஓரிரு ஆண்டு தாமதமாக.

முதல் பருவத்தில் பொறியியல் அறிவியல் என்ற பாடம் வரும். விட்டுவந்த டாயாவும் ஹலாஜுவும் அங்கே மறுபடி எதிரே நிற்கும். அதைத் தாண்டிய ஓர் அண்ணனோ அக்காளோ உங்கள் வீட்டில் இருந்தால், தம்பி படிவம் 4 பாரத்தை நிரப்பும் அன்று அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.